சேன் பியேரா, சேன் போலா? ரீயூனியனில் கச்சேரிக்குப் போகவும் போய்வந்ததை எழுதவும்

“நேற்று கச்சேரி அமர்க்களம், சவுண்ட் அள்ளிவிட்டது.” இந்த வரியை நூறு பேர் படிக்கலாம். அடுத்த மாதம் அதே அரங்குக்கு டிக்கெட் எடுக்கலாமா, எடுத்தால் எங்கே நிற்பது, எத்தனை மணிக்குள் போய்ச் சேரவேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கே நின்று கேட்டீர்கள், உண்மையில் எத்தனை மணிக்குத் தொடங்கியது, குரல் விளங்கியதா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் நான்கு வரிக் குறிப்பே போதும். அப்படி எழுத, அறிவிப்பு கையில் வந்த நாளிலிருந்தே கொஞ்சம் கவனம் வேண்டும்.

அறிவிப்பைப் பகிரும் முன்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான இந்த ரீயூனியன் தீவில் பாதி ஊர்களின் பெயர் ‘சேன்’ என்றுதான் தொடங்கும். சேன் தெனி, சேன் போல், சேன் பியேர், சேன் லே, சேன் லூயி, சேன் ஆந்த்ரே, சேன் ழோசெஃப் என்று வரிசை நீளும். அவசரத்தில் ‘சேன் பி’ என்று சுருக்கி எழுதினால் கேட்கிறவர் 50 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பார். ஊர்ப்பெயரோடு அரங்கின் பெயரையும் முழுதாக எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. பாரீஸை ஒட்டியும் ஒரு சேன் தெனி இருக்கிறது. ஸ்தாத் தெ ஃப்ரான்ஸ் மைதானம் அங்கேதான். பெரிய கலைஞரின் சுற்றுப்பயணப் பட்டியலில் ‘சேன் தெனி’ என்று பார்த்தவுடன் பணம் கட்டிவிட வேண்டாம். அஞ்சல் எண்ணைப் பாருங்கள். 974 என்று தொடங்கினால் நம் தீவு. 93 என்று தொடங்கினால் விமான டிக்கெட்டும் சேர்த்து எடுக்க வேண்டியதுதான்.

விற்பனை தொடங்கும் நேரம் பாரீஸ் கணக்கில் அறிவிக்கப்பட்டிருந்தால் குளிர்காலத்தில் 3 மணி நேரமும், கோடைக் கணக்கு நடக்கும்போது 2 மணி நேரமும் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 1 அல்லது நண்பகல் 12. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அந்தக் கணக்கு மாறும். சென்னையிலிருந்து நேரலை என்றால் நம்மைவிட அவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். இரவு 8 மணிக் கச்சேரி இங்கே மாலை 6.30.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் கதவு திறக்கும் நேரமா, பாட்டுத் தொடங்கும் நேரமா என்று பிரித்துப் பாருங்கள். நடுவில், முக்கியக் கலைஞருக்கு முன்பாகத் தொடக்கக் குழு ஒன்று அரைமணி, முக்கால்மணி பாடுவதும் உண்டு. அதோடு ‘தெபூ’ என்றால் நின்றபடி, ‘பிளாஸ்மான் லீப்ர்’ என்றால் முதலில் வந்தவருக்கு முதல் இருக்கை, ‘நியூமெரோத்தே’ என்றால் எண்ணிட்ட இருக்கை. வயதான அம்மாவைக் கூட்டிப்போகிறவருக்கு டிக்கெட் விலையைவிட இந்த ஒரு சொல்தான் முக்கியம்.

டிக்கெட் தீர்ந்துபோனால் பழைய விலைக்குத் தருகிற நண்பரிடம் வாங்குவதில் வம்பில்லை. ஏற்பாட்டாளர் அனுமதியில்லாமல் தொழிலாகவே மறுவிற்பனை செய்வது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம்; அபராதம் 15,000 யூரோ வரை போகும். ஒரே டிக்கெட்டின் படத்தை நாலு பேருக்கு விற்றால் வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவர்தான் உள்ளே போவார். வாங்கிய டிக்கெட்டின் பார்கோடு தெரியும்படி படம் போட்டுப் பெருமைப்படுவதும் இதே ஆபத்துதான்.

இடமும் காலமும்

கூரை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. சேன் தெனியின் தெயாத் ஷாம் ஃப்ளேரி உட்கார்ந்து கேட்கும் மூடிய அரங்கு. சேன் ழில் தெயாத் ப்ளேன் ஏர் வானம் பார்த்த படிக்கட்டு அரங்கம். இரண்டு மணி நேரம் உட்கார ஒரு மெத்தையும், மழைக்கு ஒரு மேலங்கியும் எடுத்துப் போங்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவர் மறைகிறது என்று சண்டைக்கு வருவார். லெ போர் ஊரின் கபார்டொக், சேன் பியேரின் பாத்தோ ஃபூ இரண்டும் புதிய இசைக்கான அரங்குகள். அங்கே பெரும்பாலும் நின்றுதான் கேட்க வேண்டியிருக்கும். செருப்பு தட்டையாக இருக்கட்டும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்துவிட்டால் திறந்தவெளிக் கச்சேரியை எதிர்பார்க்க வேண்டாம். சிவப்பில் வீட்டைவிட்டு வெளியே வருவதே தடை. ரத்தானால் பணம் திரும்புமா, தேதி மாறுமா என்பதை டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே படித்து, அறிவிப்போடு சேர்த்து எழுதிவிடுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை வேறு தொல்லை: தென்கிழக்குக் காற்று. சேன் பியேர் கடற்கரையில் அது நன்றாகவே வீசும். 2004-இல் சேன் லேயில் தொடங்கிப் பிறகு சேன் பியேருக்கு வந்த சகிஃபோ இசைவிழா நடப்பது இந்தக் காலத்தின் தொடக்கத்தில்தான். ‘தீவில் குளிரா’ என்று சிரித்துக்கொண்டு அரைக்கை சட்டையோடு போகிறவர்கள் நள்ளிரவில் நடுங்குவார்கள்.

சேன் தெனியிலிருந்து சேன் பியேருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வெள்ளி மாலை நெரிசலில் எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடவே முடியாது, அதனால் தாராளமாகவே கிளம்புங்கள். மஞ்சள் பேருந்தில் போய்ச் சேரலாம். கச்சேரி முடிகிற வேளைக்குத் திரும்ப வண்டி கிடைப்பது அரிது. கார் பகிர்வுக்கு ஆள் தேடும்போது போகும் நேரத்தை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பும் நேரத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு. கடைசிப் பாட்டு வரை இருப்பவரும், பாதியில் கிளம்புகிறவரும் ஒரே காரில் ஏறினால் நட்பு கெடும்.

நிற்கும் இடம்

சவுண்ட் சரியில்லை என்று எழுதப்படுவதில் பாதி, நின்ற இடம் சரியில்லாததுதான். ஒலிப்பொறியாளர் தன் மேசையில் உட்கார்ந்து, அந்த இடத்தில் கேட்பதை வைத்தே குரலையும் கருவிகளையும் சமன்படுத்துகிறார். ஆகவே மிக்ஸிங் மேசைக்கு இரண்டு மூன்று அடி முன்னால், நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி நின்றால் அவர் கேட்பதுதான் உங்களுக்கும் கேட்கும். சரியாக நடுக்கோட்டில் நின்றால் இரண்டு பக்கத்து சப்-ஊஃபர்களின் (தாழ்ந்த சுர ஒலிக்கான ஸ்பீக்கர்கள்) அதிர்வும் ஒன்றுசேர்ந்து வயிற்றில் இடிக்கும். முதல் வரிசையில் பாடகரின் முகம் தெரியும், குரல் பல சமயம் தெளிவாகக் கேட்காது. பெரிய ஸ்பீக்கர்கள் உங்கள் தலைக்கு மேலாகப் பின்னால் உள்ளவர்களைப் பார்த்துத் தொங்குகின்றன. சுவரோரமும் மூலையும் தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்கும்.

திறந்தவெளியில் சாதாரண ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். காற்று மேடையை நோக்கி வீசினால் கூர்மையான ஒலிகள் மேலே தூக்கி எறியப்பட்டு, பின்வரிசைக்குக் குரல் அலையடித்ததுபோல வந்து வந்து போகும். அப்போது பொறியாளரைத் திட்டிப் பயனில்லை, முன்னே நகருங்கள். இன்னொன்று: ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகிறது. 34 மீட்டர் பின்னால் நின்றால் கை மேளத்தோலில் விழுந்து பத்தில் ஒரு வினாடி கழித்தே அடி கேட்கும். தாளம் தவறிவிட்டது என்று மேளக்காரர் மேல் பழி போடுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காதுக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் ஆணைப்படி பிரான்ஸ் முழுவதும் ஒலி மட்டம் 15 நிமிடச் சராசரியாக 102 டெசிபெல் ஏ (காது உணரும் விதத்தில் அளப்பது), 118 டெசிபெல் சி (தாழ்ந்த சுர ஒலியையும் நன்கு சேர்த்து அளப்பது) ஆகியவற்றைத் தாண்டக்கூடாது. 6 வயது வரையான குழந்தைகளுக்கென்று நடக்கும் நிகழ்ச்சிக்கு 94, 104. சத்தம் மிகுந்த அரங்குகள் காதடைப்பானை இலவசமாகத் தரவேண்டும். கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. சட்ட வரம்புக்குள் இருந்தால் காதுக்கு ஆபத்தில்லை என்று பொருளல்ல. 85 டெசிபெல்லை 8 மணி நேரம் தாங்கலாம் என்று வைத்தால், 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100-இல் 15 நிமிடம்தான் மிஞ்சும்.

நுரைப்பஞ்சு அடைப்பானைப் பலரும் பாதிதான் செருகுகிறார்கள், பிறகு பயனில்லை என்று கழற்றிவிடுகிறார்கள். விரல்களுக்கிடையே மெல்லிய குச்சிபோல் உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். சரியாகப் போயிருந்தால் உங்கள் குரலே உங்களுக்குள் கும்மென்று கேட்கும். பஞ்சு கூர்மையான ஒலிகளை அதிகமாக விழுங்கும். பாட்டுக்கு, வடிகட்டி வைத்த சிலிக்கோன் அடைப்பானே நல்லது. கச்சேரி முடிந்து காதில் ‘ஙொய்’ என்று இரைந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அடுத்த நாள் கச்சேரியை விடுங்கள்.

எதைக் கேட்பது

2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய, இந்தத் தீவின் மரபிசையான மலோயாவை முதன்முறை கேட்கிறவர் ரூலேரைப் பிடித்துக்கொள்ளட்டும். பீப்பாய் உடலில் தோல் கட்டி, அதன்மேலேயே உட்கார்ந்து அடிக்கும் பெரிய மேளம் அது. ஆறாக எண்ணிப் பாருங்கள், நடை பிடிபடும். கயாம்ப் என்பது கரும்புப் பூந்தண்டுகளை அடுக்கி உள்ளே விதை போட்ட தட்டைப் பெட்டி. அதன் ஒலி காதைக் கிழித்தால் மைக்கில் கூர்ஒலியை ஏற்றிவைத்திருக்கிறார்கள் என்று குறிப்பில் எழுதலாம். பிகேர் என்பது குச்சியால் தட்டும் மூங்கில். ஒருவர் பாட, மற்றவர் திருப்பிச் சொல்வது முறை. இரண்டாம் சுற்றிலேயே நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். 1848-இல் அடிமைமுறை ஒழிந்த நாளான டிசம்பர் 20 இரவு தீவெங்கும் ‘கபார்’ என்ற இசைக்கூடல் நடக்கும், பலவற்றுக்கும் டிக்கெட் கிடையாது. முன்னோர் வழிபாடாக வீட்டில் நடக்கும் ‘கபாரே’ என்பது வேறு. அங்கே அழைத்தால்தான் போகவேண்டும். கேட்காமல் கைப்பேசியைத் தூக்கக்கூடாது.

நம் காதுக்கு இங்கே தனிச் சொத்து ஒன்று உண்டு. கோயில் திருவிழாக்களில், மல்பார் எனப்படும் இங்குள்ள தமிழ் வம்சாவளியினரின் மேளத்தைத் தீயில் காட்டி முறுக்கேற்றுவது தப்பையும் பறையையும் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. ஈரக்காற்றில் தோல் தளரும், நடுவில் நிறுத்திச் சூடேற்றுவார்கள். ‘தாமதம் ஆனது’ என்று அதைக் குறையாக எழுதவேண்டாம். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கூத்து ‘பால் தமூல்’ என்ற பெயரில் விடிய விடிய நடந்த மரபு. அதை நார்ல்கோன் என்றும் சொல்வார்கள், நாடகம்தான் அப்படித் திரிந்தது. வாத்தியாருக்குப் பெயர் வார்த்தியால். கதை பெரும்பாலும் பாரதமும் இராமாயணமும். அங்கே ஒலிக்கும் தமிழை உச்சரிப்பு பார்த்துத் திருத்தக் கிளம்பாதீர்கள். என்ன கேட்டதோ அதை அப்படியே எழுதிவையுங்கள்.

கைப்பேசி

இரண்டு பாட்டில் அரை நிமிடம் போதும். ஸ்பீக்கருக்கு நேரே நின்றால் மைக் தாங்காமல் ஒலி கரகரத்துக் கிழியும். மேசைப் பக்கமாகப் பின்வாங்குங்கள். கீழ்முனையில் இருக்கும் மைக்கை விரலால் மூடாதீர்கள். பிளாஷ் அணைந்திருக்கட்டும். முழுக் கச்சேரியைப் பதிந்து ஏற்றுவதற்கு உரிமை வேண்டும்.

அன்றிரவே எழுதுங்கள்

பாட்டின் பெயர் தெரியாவிட்டால் பல்லவியின் முதல் சொற்களைக் காதில் விழுந்தபடி, தீவின் பேச்சுமொழியான கிரியோலிலேயே தமிழ் எழுத்தில் குறியுங்கள். தெரிந்தவர் யாராவது பெயர் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணியைக் குறித்தால் கச்சேரியின் வளைவு பிறகு தெரியும். தூங்கி எழுந்தால் வரிசை கலைந்துவிடும்.

குறிப்பு இப்படி இருந்தால் நல்லது: “கதவு 7.30, பாட்டு 8.50, முடிவு 11.05. மேசைக்கு இடப்பக்கம் நின்றேன், அடைப்பானோடு. முதல் மூன்று பாட்டில் குரல் ரூலேருக்குள் மூழ்கியது, பிறகு சரியானது. நிறுத்துமிடம் 7 மணிக்கே நிரம்பியது.” இதில் புகழ்ச்சியும் இல்லை, வசையும் இல்லை, படிப்பவர் தானே முடிவெடுப்பார். பிடிக்கவில்லை என்றால் எது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள்: பாட்டா, ஒலியா, கூட்டமா, மழையா. மழைக்குப் பாடகர் பொறுப்பல்ல.

மற்றவர் வலப்பக்கம் நின்று குரல் நன்றாகக் கேட்டது என்றால் உங்கள் குறிப்பை அழிக்காதீர்கள்; இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். அடுத்த தடவை டிக்கெட் எடுப்பவர் வலப்பக்கம் போய் நிற்பார்.