பெங்களூரு வெளிச்சத்துக்கு எந்த ஃபிலிம்? முதல் ரோல்களை வாங்குமுன்

எந்த ஃபிலிம் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். இன்ஸ்டாகிராமில் தேடினால் குழப்பம் இன்னும் கூடும். அதே கோடாக் கோல்டு 200, ஒருவர் படத்தில் தேன் நிறமாகவும் இன்னொருவர் படத்தில் பச்சையடித்தும் இருக்கும். ஃபிலிம் மட்டும் அதற்குக் காரணமில்லை. வெளிச்சம், எக்ஸ்போஷர் (ஃபிலிம்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), ஃபிலிம் கழுவும் லேபில் ஸ்கேன் செய்தவரின் கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்துதான் அந்த நிறம். இதைப் பிரித்துப் பார்த்தால்தான் நமக்குப் பிடித்த ஃபிலிம் எது என்றே தெரியும். 35 மி.மீ. ஃபிலிமை வைத்துச் சொல்கிறேன். ரோல் மாட்டுவது, சுற்றுவது எல்லாம் உங்கள் கேமரா கையேட்டில் இருக்கும்.

படி 1: எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள்?

இந்த ஊர் வெளிச்சம் ஏமாற்றும். கப்பன் பூங்காவில் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் இடத்தில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேறு கணக்கு சொல்லும். நல்ல வெயிலுக்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/16, ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமாக. ஐஎஸ்ஓ என்பது பெட்டியில் இருக்கும் 100, 200, 400 என்ற வேக எண்; எண் கூடக்கூடக் குறைந்த வெளிச்சமே போதும். 200 ஃபிலிம் என்றால் 1/250. வெயிலை விட்டுத் திறந்த நிழலுக்கு வந்தால் அதே ஷட்டருக்கு எஃப்/4 கேட்கும். நான்கு ஸ்டாப் போய்விட்டது; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி. அடர்ந்த மரத்தடியில் அதற்கும் கீழே. ஜூம் உள்ள சின்ன கேமராவில் 100 ஃபிலிமைப் போட்டுக்கொண்டு அங்கே திண்டாட வேண்டாம்.

லால்பாக் காலை வெயிலுக்கு 200 போதும். மழை மாதங்களுக்கும் கே.ஆர். மார்க்கெட்டின் உள்பக்கத்துக்கும் 400. இரவுக்குக் கறுப்பு வெள்ளை. அதை அடுத்துச் சொல்கிறேன்.

படி 2: இரண்டே ஃபிலிம்

கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று. ரோலுக்கு ரோல் மாற்றினால் எதுவும் பிடிபடாது. கலருக்கு கோல்டு 200 அல்லது அல்ட்ராமேக்ஸ் 400. போர்ட்ரா 400 அருமையான ஃபிலிம்தான்; ஆனால் பழகும் காலத்தில் அந்த விலையைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். எக்டார் 100 பூக்களை அள்ளிக் கொடுக்கும், முகங்களைச் சிவக்க வைக்கும். ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவாக இல்லாமல் நேராகப் படமாகவே வருவது) இப்போதைக்கு வேண்டாம்: எக்ஸ்போஷர் அரை ஸ்டாப் தவறினாலே முகத்தில் அடித்தாற்போல் தெரியும்.

கறுப்பு வெள்ளையில் என் ஓட்டு இல்ஃபோர்டு எச்பி5 பிளஸுக்கு. பெட்டியில் 400 என்று இருந்தாலும் 1600 ஆக வைத்து எடுத்து, லேபில் இரண்டு ஸ்டாப் புஷ் செய்யச் (அதற்கேற்பக் கூடுதல் நேரம் கழுவச்) சொன்னால் தாங்கும். கரக ஊர்வலத்துக்கு இரவில் போகிறவர்கள் இதை எடுத்துப் போகலாம். ரோல் முழுவதும் 1600 ஆகவே இருக்க வேண்டும், நடுவில் மாற்றக்கூடாது. பக்கத்து லேபில் கலர் மட்டும்தான் கழுவுவார்கள் என்றால் எக்ஸ்பி2 சூப்பர் வாங்குங்கள். கறுப்பு வெள்ளைதான், ஆனால் கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையிலேயே கழுவலாம்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1960-ல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் போட்டது. இப்போது அந்தப் பெயரில் கிடைப்பது காலாவதியான ரோல்தான். ஆசைக்கு வாங்கி அலமாரியில் வையுங்கள், சோதனைக்கு வேண்டாம்.

படி 3: ஒரே காட்சி, நான்கு ஃபிரேம்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். அல்சூர் பக்கம் ஒரு பூக்கடையைத் தேர்ந்தெடுங்கள். மல்லியின் வெள்ளை, கனகாம்பரத்தின் ஆரஞ்சு, பூக்காரம்மாவின் முகம், கூடைக்குக் கீழே இருட்டு எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரட்டும். அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு முழம் வாங்கினால் இன்னும் நல்லது. 200 ஃபிலிம் என்றால் ஐஎஸ்ஓ டயலை 400, 200, 100, 50 என்று மாற்றி மாற்றி அதே காட்சியை எடுங்கள். முதல் ஃபிரேமில் வெளிச்சம் ஒரு ஸ்டாப் குறைவு, கடைசியில் இரண்டு ஸ்டாப் அதிகம். எது எந்த ஃபிரேம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. எனக்குச் சட்டைப்பை நோட்டும் பென்சிலும்தான் சரி.

அப்புறம் லேபில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: "அண்ணா, ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், நாலு ஃபிரேமையும் ஒரே செட்டிங்ல ஸ்கேன் பண்ணுங்க." சொல்லாவிட்டால் மெஷின் நான்கையும் சமன்செய்து கிட்டத்தட்ட ஒரே மாதிரி கொடுத்துவிடும். நீங்களோ ஃபிலிமைப் பாராட்டிக்கொண்டோ திட்டிக்கொண்டோ இருப்பீர்கள்.

படி 4: நெகட்டிவைப் பாருங்கள்

நெகட்டிவைத் திருப்பி வாங்காமல் வராதீர்கள். மொபைலில் வெள்ளைத் திரையை வைத்து அதன்மேல் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். இருட்டான இடங்கள் நெகட்டிவில் வெளிறித் தெரியும். கூடைக்குக் கீழே பின்னலோ கயிறோ எதுவும் தெரியாமல் கலர் நெகட்டிவின் அடிநிறமான ஆரஞ்சு மட்டும் இருந்தால் அந்த ஃபிரேமுக்கு வெளிச்சம் போதவில்லை. எந்த ஸ்கேனரும் அதை மீட்காது. 400 என்று வைத்த ஃபிரேமில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். 100 என்று வைத்ததில் நிழல் நன்றாக நிறைந்திருக்கும். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாராளமாகத் தாங்கும். அதனால்தான் கோல்டு 200-ஐ நான் எப்போதும் 100 என்று வைத்தே எடுக்கிறேன்.

ஃபிரேம்கள் எல்லாமே வெளிறியிருந்தால் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பாருங்கள். எண்கள் அழுத்தமாக இருந்தால் எக்ஸ்போஷர் குறைவு. எண்களும் மங்கியிருந்தால் கழுவியதில் கோளாறு. எனக்கு ஒருமுறை ஒரு லேபோடு வந்த வாக்குவாதம் இந்த எண்களைக் காட்டியதும் முடிந்துவிட்டது.

சேர்க்கை: ஐஎஸ்ஓ டயல் இல்லாத கேமராவுக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அந்த வகை கேமரா, ரோலின் மேலுள்ள வெள்ளி-கறுப்புக் கட்டங்களை வைத்து வேகத்தைத் தெரிந்துகொள்ளும். கட்டம் இல்லாத ரோலைப் பல கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும். கையால் சுற்றி விற்கும் சினிமா ஃபிலிம் ரோல்களில் இதைக் கவனியுங்கள். பின்பக்கம் கரும்பூச்சு உள்ள விஷன்3 (கோடாக்கின் சினிமா ஃபிலிம்) ஆக இருந்தால், லேபில் கேட்காமல் சி-41-க்குக் கொடுக்கவும் கூடாது. அந்தப் பூச்சு கரைந்து அவர்கள் ரசாயனத்தையே பாழாக்கும்.

இன்னொரு சேர்க்கை: மெட்ரோ நிலையத்தில் பையை எக்ஸ்-ரேயில் விடும்போது கழுவாத ரோல்களை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, தினமும் போய்வந்தால் சேர்ந்துகொண்டே போகும். விமான நிலையத்தின் புதிய சிடி ஸ்கேனர்கள் அப்படியல்ல, ஒரே தடவையில் கெடுத்துவிடக்கூடும். ரோல்களை ஒளிபுகும் கவரில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.