‘தை பிறக்கட்டும், சேர்த்துத் தர்றேன்’: குழந்தைக்கான ஜீவனாம்சத்தைக் கூட்டக் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். மகன் பிளஸ் ஒன். அவன் அப்பா மாதம் 4,000 ரூபாய் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று எட்டு வருஷத்துக்கு முந்தைய கோர்ட் உத்தரவு. கூட்டிக் கேட்டு மனுப் போடலாமே என்றேன். “தை பிறந்ததும் 7,000 தர்றேன்னு அவரே சொல்லியிருக்காரு அக்கா. எதுக்குக் கோர்ட்டுக்குப் போய்ப் பகைச்சுக்கணும்?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் நானும் இப்படிச் சொன்னவள்தான்.

தருமபுரியில் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். வாய்தா தேதியை மறக்காதே, ஆதார் நகல் கொண்டு வா என்பதெல்லாம் வக்கீல் குமாஸ்தாவே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

வாய் வார்த்தையை நம்பி மனுவைத் தள்ளிப் போடுவது

என் மகன் யூகேஜி படிக்கும்போது மாதம் 3,000 ரூபாய் என்று உத்தரவானது. அவன் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது ஃபீஸ், வேன், டியூஷன் என்று அந்தப் பணம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவன் அப்பாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை நிரந்தரமாகியிருந்தது. போனில் கேட்டேன். “7,000 போட்டு விடுறேன், கேஸெல்லாம் வேண்டாம்” என்றார். இரண்டு மாதம் 7,000 வந்தது. மூன்றாம் மாதம் 5,000. அப்புறம் பழைய 3,000. ஓவர்டைம் இல்லை, அம்மாவுக்கு ஆபரேஷன், மாங்காய் விலை விழுந்துவிட்டது என்று மாதத்துக்கு ஒரு காரணம். நான் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ‘பாக்கி 4,000, பாக்கி 4,000’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். மூன்று வருஷம்.

கடைசியில் மனுப் போடப் போனபோது வக்கீல் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு மூடி என்னிடமே கொடுத்தார். பாக்கி என்பது உத்தரவில் உள்ள தொகைக்குத்தான். உத்தரவில் 3,000, வந்ததும் 3,000. சட்டப்படி அவர் ஒரு பைசா பாக்கி இல்லை. இனிமேல் கோர்ட் கூட்டிக் கொடுத்தாலும் மனுப் போட்ட தேதிக்குப் பின்னால்தான். அதற்கு முன்னால் போகாது. என் கணக்கில் 1,34,000 ரூபாய் பென்சில் எழுத்தாகவே நின்றுவிட்டது.

இன்றைக்கும் எரிச்சல்தான். அவர் மேல்கூட இல்லை. ‘இந்த மாசம் பார்ப்போம்’ என்று மாதாமாதம் சொல்லிக்கொண்ட என் மேல்.

தொகையைத் தானாகக் குறைத்துக்கொள்வது

இது அப்பாக்கள் செய்வது. வேலை போனால் குறைக்கச் சொல்லி அவர்களும் மனுப் போடலாம். போடாமல் 6,000-ஐ 2,000 ஆக்கிக்கொண்டால் மீதி மாதாமாதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீராது.

பாக்கியை வருஷக்கணக்கில் விடுவது

பாக்கியை வசூலிக்கக் கோர்ட்டில் வாரண்ட் கேட்க, அந்தப் பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷம்தான் கெடு.

பழைய உத்தரவைப் படிக்காமல் வருவது

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வாங்கிய உத்தரவு என்றால், மாற்றக் கேட்பது 127-ல் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அவை, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144, 146. விவாகரத்துத் தீர்ப்பிலேயே குழந்தைக்குத் தொகை சொல்லியிருந்தால் வழி வேறு: இந்து திருமணச் சட்டம் 26. உத்தரவு நகலின் முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சொந்த வருமானத்தை மறைப்பது

ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற ஜீவனாம்ச வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும். ஒரு பெண் தனக்கு வருமானமே இல்லை என்று எழுதினார். எதிர்த்தரப்பு, மகளிர் குழுக் கடனுக்கு அவர் கொடுத்த விண்ணப்பத்தை எடுத்து நீட்டியது. அதில் தையல் வருமானம் 12,000 என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அப்புறம் அவர் காட்டிய உண்மையான ஃபீஸ் ரசீதைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்ததால் சும்மா இருப்பது

எழுதிக் கொடுத்தது நீங்கள். உரிமை குழந்தையுடையது.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படுவது

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போன் 15100.

பாலக்கோட்டுப் பெண் கிளம்பும்போதும் “தை வரைக்கும் பார்த்துட்டு வர்றேனே” என்றார். மனுவை இப்போதே போட்டு வைப்போம், தையில் அவர் சொன்னபடி தந்தால் இரண்டு பேருமாகக் கையெழுத்துப் போட்டு அந்த 7,000-ஐயே உத்தரவாக்கிக்கொள்ளலாம் என்றேன். புதன்கிழமை உத்தரவு நகலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.