ஜப்பானில் ரயில், கார், விமானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானுக்குப் புறப்படும் நம்மவர்களில் பலர் விமானச் சீட்டு கைக்கு வந்த உடனே, அந்நாட்டு ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர உதவும் ஜேஆர் பாஸையும் வாங்கிவிடுகிறார்கள். எங்கெங்கே போகப்போகிறோம் என்று தீர்மானிப்பதற்கு முன்பே எதில் போவது என்று தீர்மானித்துவிடும் இந்த அவசரம்தான் அந்நாட்டுப் பயணங்களில் நேரும் பல தவறுகளுக்கு வேர் என்பது என் உறுதியான கருத்து.

பாஸையே எடுத்துக்கொள்வோம். ஏழு நாள் செல்லுபடியாகும் சாதாரண வகுப்புப் பாஸ், 29,650 யென்னிலிருந்து 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கன்சென் என்னும் அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். ஹிரோஷிமா வரை போனாலும் 20,000 யென்னுக்குள் அடங்கும். ஆகவே, டோக்கியோவும் கியோட்டோவும் மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்குப் பாஸ் முழு நட்டம். விலை உயர்வதற்கு முன் எழுதப்பட்ட ஆலோசனைகள் இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு பயணத்தின் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே பாஸ் வாங்கலாமா என்று யோசிக்க வேண்டும். மிக வேகமான நொசோமி வண்டியில் ஏற, பாஸ் வைத்திருப்பவரும் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷிங்கன்செனுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் பெரும்பாலும் இரண்டு சீட்டுகள் தருவார்கள். ஒன்று தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம். மற்றது விரைவு வண்டிக்கான கூடுதல் கட்டணம். முதல் முறை போனபோது நான் ஒன்றை மட்டும் நிலைய நுழைவாயிலில் உள்ள இயந்திரத்தில் செருகினேன். சட்டென்று இரு கதவுகளும் குறுக்கே மூடிக்கொண்டன. ஓடி வந்த ஊழியர் என் கையிலிருந்த இன்னொரு சீட்டை வாங்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செருகிக் காட்டினார். மறுமுனையில் வெளிவந்த சீட்டுகளை எடுத்துக்கொள்ளும்படி சைகையும் செய்தார். அவற்றை அங்கேயே விட்டுவிட்டால் இறங்கும் நிலையத்தில் வெளியேற வழி இருக்காது.

பெட்டியின் அளவிலும் கவனம் தேவை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, டோக்கியோவிலிருந்து ஒசாகா செல்லும் தடத்தில் அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் முன்பதிவு இல்லாமல் ஏறினால் 1,000 யென் வசூலிப்பார்கள். பெரிய பெட்டியைத் தக்யூபின் கூரியரில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிட்டு, கைப்பையோடு ரயில் ஏறுவதே சுகம். நகரப் போக்குவரத்துக்கு, முன்கூட்டியே பணம் நிரப்பிக்கொள்ளும் சுய்கா போன்ற அட்டை மிக வசதியானது என்றாலும், டோக்கியோ பகுதியில் அதைத் தட்டி நுழைந்து நகோயா பகுதியில் தட்டி வெளியேற முடியாது. நள்ளிரவையொட்டிக் கடைசி ரயில் போய்விட்டால் டாக்ஸிதான் கதி; அதன் கட்டணம் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதுதான்: அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் எல்லாம் நம் ஊர் போலவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையில் பழகிப்போன ‘ஃப்ரீ லெஃப்ட்’ ஜப்பானில் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் இடப்பக்கம் திரும்பவும் காத்திருக்க வேண்டும். தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணப் பலகை, வண்டியை முழுவதுமாக நிறுத்தச் சொல்கிறது. ரயில்வே கேட் திறந்திருந்தாலும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரயிலே இல்லாவிட்டாலும், அதன் முன் ஒருமுறை நின்று பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்திய உரிமம் வைத்திருப்பவர், 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் பெற்றுச் செல்ல வேண்டும். இணையத்தில் யாரோ விற்கும் ‘சர்வதேச லைசென்ஸ்’ அட்டையை நம்பிப் போனால் வாடகைக் கார் கிடைக்காது. அதைக் காட்டி ஓட்டினாலும் உரிமமில்லாமல் ஓட்டியதாகவே கருதப்படும்.

பெட்ரோல் பங்கில் நடக்கும் ஒரு தவறு விசித்திரமானது. சிறிய கார்களை அங்கே ‘கேய்’ என்று அழைக்கிறார்கள். டீசலுக்கு ‘கேயு’ என்று பெயர். பெயர் ஒற்றுமையில் ஏமாந்து சிறிய காருக்கு டீசல் நிரப்பிவிட்டால் எஞ்சின் கெட்டுவிடும். கைப்பிடி சிவப்பாக இருந்தால் சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர்ரகம், பச்சை டீசல் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காரில் சின்னக் கீறல் விழுந்தாலும் 110க்கு அழைத்துக் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் காப்பீடு கைகொடுக்காது.

கியோட்டோவுக்குள்ளும் டோக்கியோவுக்குள்ளும் கார் வெறும் சுமைதான். நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் கழிந்துவிடும். ஹொக்கைடோவின் நாட்டுப்புறத்தையோ ஒக்கினாவாவையோ சுற்றுவதற்குத்தான் அது உண்மையில் தேவைப்படுகிறது.

அந்த இரண்டு இடங்களுக்கும் விமானமே ஏற்றது. டோக்கியோவிலிருந்து ஹொக்கைடோவின் சப்போரோ நகருக்கு ரயிலில் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம் பறந்தால் போதும். ஒக்கினாவாவுக்கு ரயிலே கிடையாது. ஆனால் டோக்கியோவுக்கு நரிட்டா, ஹனேடா என்று இரண்டு விமான நிலையங்கள் இருப்பதால், பெயரைக் கவனிக்காமல் சீட்டு எடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து நரிட்டாவில் இறங்கி, இரண்டே மணி நேரத்தில் ஹனேடாவில் உள்நாட்டு விமானம் பிடிக்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரயிலோ பேருந்தோ, இரண்டுக்கும் இடையிலான பயணமே ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும். குடியேற்றச் சோதனையையும் பெட்டிக்காகக் காத்திருப்பதையும் சேர்த்து ஐந்து மணி நேர இடைவெளியாவது விட்டு உள்நாட்டு விமானத்தைப் பதிவு செய்யுங்கள். முடிந்தால் இரண்டு விமானங்களையும் ஒரே நிலையத்தில் அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.