முதல் நேர்காணலை நீங்களே எழுத்தாக்குங்கள்

சமூக அறிவியலில் பிஎச்.டி. செய்பவர்கள் பண்புசார் ஆய்வு முறைகளை, அதாவது எண்களைவிட மக்களின் பேச்சையும் அனுபவத்தையும் ஆராயும் முறைகளைக் கற்கப் புத்தகங்களைத்தான் முதலில் அடுக்குகிறார்கள். படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் நேர்காணலின் ஒலிப்பதிவை ஆப்பிடம் கொடுக்காமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

ஹெட்போனில் கேட்கும்போதுதான் நம் தவறு நமக்கே உறைக்கும். நான் ஒருவரிடம், “வேலையை விட்டது கஷ்டமா இருந்துச்சா?” என்று கேட்டிருந்தேன். “ஆமா” என்றார். அதோடு முடிந்தது. பதிலை நானே அவர் வாயில் வைத்துவிட்டேன். அடுத்தவரிடம், “வேலையை விட்ட அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். பத்து நிமிடம் பேசினார். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதுதான் இதில் பெரிய பயிற்சி. எழுத்தாக்கும்போது மௌனங்களையும் சிரிப்பையும் அடைப்புக்குறிக்குள் குறித்துவிடுங்கள்.

தட்டச்சு முடிந்த அன்றே ஒரு பக்கம் மெமோ எழுதுங்கள்: எது வியப்பாக இருந்தது, அடுத்தவரிடம் எதைக் கேட்க வேண்டும். 1967-இல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்த, தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் கிரவுண்டட் தியரி முறையில் தரவு திரட்டலும் பகுப்பாய்வும் சேர்ந்தே நடக்கும். எல்லா நேர்காணலையும் முடித்துவிட்டுக் கோடிங்கில், அதாவது பேச்சின் பகுதிகளுக்குக் கருத்துப் பெயரிட்டு வகைப்படுத்தும் வேலையில், உட்கார்ந்தால், விட்டுப்போன கேள்வியைக் கேட்கத் திரும்பிப் போவது பெரும்பாலும் நடக்காது.

கோடிங்குக்கு உதவும் என்விவோ, அட்லஸ்.டிஐ போன்ற மென்பொருள்களுக்கு அவசரமில்லை. முதல் இரண்டு நேர்காணல் பிரதிகளுக்கு அச்சுத்தாளும் பென்சிலும் போதும்.