பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரை யாழ்ப்பாணம் சுற்றிக் காட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பொது நூலகத்தோடு திரும்பிவிடாமல், பக்கத்திலேயே இருக்கும் கலாசார மண்டபத்தையும் பாருங்கள். இந்தியா அன்பளிப்பாகக் கட்டித் தந்தது, 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது. இரண்டு தளங்களில் அருங்காட்சியகம், அறுநூறு பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கு, பதினொரு மாடிக் கோபுரம் எல்லாம் உண்டு. இப்போது திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உச்சி வெயிலில் போகவே வேண்டாம். முற்றத்துத் தரை காலைச் சுடும், பிள்ளைகள் அழத் தொடங்கிவிடுவார்கள். என்ன நிகழ்ச்சி, எந்தப் பகுதி திறந்திருக்கும் என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள். கதவடியில் நின்று திரும்புவது வயசானவர்களுக்குப் பெரிய அலைச்சல்.

அங்கிருந்து சுப்பிரமணியம் பூங்கா கிட்டத்தான். வறுத்த கச்சான் ஒரு சரை வாங்கி அம்மம்மாவின் கையில் கொடுத்து மரநிழலில் இருத்துங்கள். சூடு ஆறுவதற்குள் ஊர்க்கதை தானாக வரும், 1981இல் எரிந்த நூலகத்தின் கதையும் வரும். அதைப் பிள்ளைகள் அவர் வாயாலேயே கேட்கட்டும். அப்புறம் பொழுது சாய முன் கோட்டைப் பக்கம் நடந்தால் கடற்காற்றும் கிடைக்கும்.