கறுப்பு மணலைப் போத்தலில் போடாதீர்கள்: வெயிலில் தண்ணீர் சுத்தப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலாவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, புல்மோட்டைப் பக்கமிருந்து வந்த கறுப்பு மணலில் ஒரு பிடியைப் போத்தலில் போட்டு, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, முற்றத்து வெயிலில் வைத்திருந்தார். "இதுக்குள்ள டைட்டானியம் கிடக்காம் தம்பி, கிருமியெல்லாம் செத்துப்போகுமாம்" என்றார். அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. மற்றப் பாதிதான் எனக்குப் பயம்.

டைட்டானியம் டைஒக்சைட்டில் தகுந்த ஒளி பட்டால் இலத்திரன்கள் கிளம்பும். அவையும் அவை விட்டுச்சென்ற வெற்றிடங்களும் தண்ணீரோடும் அதில் கரைந்த ஒட்சிசனோடும் வினைபுரிந்து, பக்டீரியாவின் சுவரை அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். 1972இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் இந்தக் கனிமத்தின்மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். 1985இல் மட்சுனாகா குழுவினர் இதே வழியில் நுண்ணுயிர்களைக் கொன்றார்கள். ஆனால் அதற்குப் பெரும்பாலும் புற ஊதா ஒளி வேண்டும். வெயிலில் அது இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் இயற்கைக் கனிமங்களைத் தேடுகிறார்கள். இரும்பு கலந்த நாக சல்பைட்டுத் தாது அப்படி ஒன்று. அதில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் கலந்திருப்பதுண்டு. வீட்டில் அரைத்துக் கலக்கும் பொருளல்ல.

சரி, புல்மோட்டை மணல்? அதில் பெரும்பகுதி இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். கறுப்பாக இருப்பதால் ஒளியை விழுங்கும், ஆனால் கிளம்பிய இலத்திரன்கள் பெரும்பாலும் உடனே திரும்பி விழுந்துவிடும்; ஒளி வெறும் சூடாகவே முடியும். ஆய்வுகூடத்தில் மாவாக அரைத்த கனிமத்தைக் கலக்கிக்கொண்டே ஒளி பாய்ச்சுவார்கள். போத்தலின் அடியில் குவிந்த மணல் அப்படியல்ல. இன்னொன்று: அந்த மணலில் மொனசைட்டும் இருக்கிறது. மொனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிரியக்கமுள்ளது. குடிக்கும் தண்ணீருக்குள் அதைப் போட எந்தக் காரணமும் இல்லை.

கனிமமே இல்லாமல் வெயில் மட்டும் போதும் என்பதைத்தான் அக்காவுக்குச் சொன்னேன். நிறமற்ற, கீறல் விழாத, இரண்டு லீற்றருக்கு மேற்படாத பெற் (PET) பிளாஸ்டிக் போத்தலைப் படுக்க வைத்து, நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம். பாதி வானத்துக்கு மேல் முகிலென்றால் தொடர்ந்து இரண்டு நாள். பச்சைச் சோடாப் போத்தலும், கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் வைப்பதும் புற ஊதாவைத் தடுக்கும்.

கலங்கல் தண்ணீரை அப்படியே வைப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. மண்துகள்களின் நிழலில் பக்டீரியா தப்பிவிடும். நிரப்பிய போத்தலைப் பத்திரிகைத் தலைப்பின்மேல் நிறுத்தி, வாய்வழியே பாருங்கள். எழுத்து வாசிக்க முடியாவிட்டால் முதலில் தெளிய விட்டு வடித்தெடுங்கள். தேத்தாங்கொட்டை உரைத்துப் போட்டாலும் தெளியும். ஆனால் தெளிந்த தண்ணீர் கிருமி செத்த தண்ணீரல்ல, அதை வெயிலில் வைக்கத்தான் வேண்டும்.

வெயில் காய்ந்த தண்ணீரைத் திறந்த குடத்துக்கு மாற்ற வேண்டாம், கை பட்டாலே திரும்பக் கிருமி சேரும். அதே போத்தலிலிருந்து குடியுங்கள், அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். கடலோரக் கிணற்றின் உவரும், வயல் உரத்தின் நைத்திரேற்றும் ஒளியால் போகா.

"அப்ப மாரிக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார் அக்கா. ஐப்பசி பிறந்து மழை விடாமல் பெய்தால், கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்தால், போத்தலை எடுத்து உள்ளே வையுங்கள். அந்த நாட்களில் தளதளவென்று கொதித்தாறின தண்ணீர்தான்.