முதல் டிஎம்ஆர் ஹேண்டி: வேலூர்ப் பக்கத்து ஹாம்களுக்கு

டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் பேசும், விலை குறைந்த ஹேண்டி (கையடக்க வானொலி செட்) வாங்கிய ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) முதல் வாரத்தில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "செட் ஆன் ஆகுது, யாருமே வரல." செட்டில் பழுது இருக்காது. அது பேசுவதற்கு எதிரே ஆள்தான் இருக்காது. அதனால் செட் வாங்குவதைக் கடைசி வேலையாக வையுங்கள்.

1. உரிமம்
உரிமத்தோடு தரும் அழைப்புக் குறியான கால் சைன் கைக்கு வரும்வரை ஆர்டர் போடாதீர்கள். உரிமமில்லாமல் ஒலிபரப்பும் கருவியை வைத்திருப்பதே தவறு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் (தந்திக் குறியீடு) தேர்வு கிடையாது. கையடக்க செட்டுக்கு அந்த கிரேடே தாராளம்.

2. மொட்டை மாடிச் சோதனை
வேலூரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகளை இந்த ஹேண்டிகளின் விஎச்எஃப், யுஎச்எஃப் அலைகள் துளைத்துப் போவதில்லை. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் இரைச்சலோடாவது பேச்சு புரியும். டிஜிட்டலில் கடைசிவரை தெளிவாக இருக்கும், பிறகு சட்டென்று அறுந்துவிடும். தெரிந்த ஹாம் ஒருவரின் ஹேண்டியை உங்கள் மாடியில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். எட்டும் தூரத்தில் டிஎம்ஆர் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) இல்லையென்றால், செட்டை இணையம் வழியாக மற்றவர்களோடு இணைக்கும் ஹாட்ஸ்பாட் என்ற சிறு கருவியின் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஏலகிரி உச்சியில் நின்றால் கதை வேறு. ஆனால் தினமும் அங்கே போய் நிற்க முடியாது.

3. செட்டைத் தேர்ந்தெடுத்தல்
டி-ஸ்டார், சி4எஃப்எம், டிஎம்ஆர் ஆகிய மூன்று டிஜிட்டல் முறைகளும் ஒன்றோடொன்று பேசாது. மலிவு விலையில் கிடைப்பது டிஎம்ஆர். அதில் 'டையர் 2' என்று இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையை 30 மில்லிசெகண்ட் துண்டுகளாக இரண்டு ஸ்லாட்டுக்கு (நேரப் பங்குக்கு) பிரித்துக் கொடுக்கும், இது டையர் 2 முறை; டையர் 1 மட்டும் உள்ள பழைய செட்டுகளால் அந்த ரிப்பீட்டர்களில் பேச முடியாது.

டிஒய்டி எம்டி-யுவி380, ரெட்டெவிஸ் ஆர்டி3எஸ், பாவ்ஃபெங் டிஎம்-1701 மூன்றும் இரட்டை பேண்ட் (விஎச்எஃப், யுஎச்எஃப் இரண்டிலும் பேசும்). 'ஓப்பன்ஜிடி77' என்ற இலவச ஃபர்ம்வேரும் (செட்டை இயக்கும் உள் மென்பொருள்) இவற்றில் ஏறும். ஏற்றினால் டாக்குரூப் (பலர் சேர்ந்து பேசும் குழு) எண்ணைக் கீபேடிலேயே அடிக்கலாம். புதியவருக்கு அதுவே பாதி நிம்மதி. கணினியிலிருந்து அமைப்புகளை ஏற்றும் புரோகிராமிங் கேபிளைச் செட்டோடு சேர்த்தே வாங்குங்கள். யுவி-5ஆர் என்ற மலிவு அனலாக் செட்டின் கேபிளில் உள்ள இரட்டை முள் பார்க்க அதேபோல் இருக்கும், பொருந்தவும் செய்யும், ஆனால் வேலை செய்யாது.

4. டிஎம்ஆர் ஐடி
ரேடியோஐடி தளத்தில் உரிம நகலை ஏற்றினால் 7 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கும். இது இல்லாமல் நெட்வொர்க் உங்களை ஏற்காது.

5. கோட்பிளக்
செட்டுக்குள் ஏற்றும் சேனல், காண்டாக்ட் அமைப்புகளின் கோப்புதான் கோட்பிளக். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் கோட்பிளக்கை அப்படியே ஏற்றாதீர்கள். அதில் 146-148, 440-450 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் இருக்கும். நமக்கு 144-146, 434-438 மட்டுமே. 435-438 செயற்கைக்கோள்களுக்குரிய பகுதி என்பதால் ஹாட்ஸ்பாட்டை 434-435க்குள் வையுங்கள்.

ஹாட்ஸ்பாட்டோடு பேசும் முதல் சேனலை இப்படி அமையுங்கள்: வாங்கும், அனுப்பும் அலைவரிசை இரண்டும் ஒன்றே, கலர் கோடு (செட்டிலும் எதிர்முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டிய எண்) 1, ஸ்லாட் 2, பவர் லோ, என்கிரிப்ஷன் ஆஃப் (அமெச்சூர் பேண்டில் மறைமொழிக்கு அனுமதி இல்லை). காண்டாக்டில் 9990 என்ற பேரட் எண்ணைப் பிரைவேட் கால் ஆகச் சேருங்கள். டிஎம்ஆர் ரிப்பீட்டர்களையும் ஹாட்ஸ்பாட்டுகளையும் இணைக்கும் பிராண்ட்மைஸ்டர் நெட்வொர்க்கில் அது நீங்கள் பேசியதையே திருப்பிச் சொல்லும். குரல் எப்படிப் போகிறது என்று யாரையும் தொந்தரவு செய்யாமல் தெரிந்துகொள்ளலாம்.

6. வேலை செய்யாவிட்டால்
ஹாட்ஸ்பாட் உங்கள் போனின் வைஃபையில் சேரவில்லையா? பல ஹாட்ஸ்பாட்டுகளுக்குள் இருக்கும் ராஸ்பெரி பை ஜீரோ வகைச் சிறு கணினிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் மாற்றுங்கள்.

சிக்னல் வருவதாக விளக்கு எரிகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் அந்த டாக்குரூப் உங்கள் ஆர்எக்ஸ் குரூப் லிஸ்டில் (செட் கேட்க வேண்டிய குழுக்களின் பட்டியலில்) இல்லை. கலர் கோடோ ஸ்லாட்டோ மாறியிருந்தாலும் இதே மௌனம்தான்.

குரல் தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் வந்தால் ஹாட்ஸ்பாட்டின் இணையப் பக்கத்தில் பிஇஆர் எண்ணை (பிழையாக வந்த பிட்டுகளின் சதவீதம்) பாருங்கள். 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேலே போனால் ஹாட்ஸ்பாட்டின் ஆர்எக்ஸ் ஆஃப்செட்டை (வாங்கும் அலைவரிசையின் சிறு திருத்தம்) 50 ஹெர்ட்ஸ் வீதம் கூட்டியோ குறைத்தோ, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி பேசி, எண் இறங்கும் பக்கம் தொடருங்கள். ஹேண்டியை ஹாட்ஸ்பாட்டை ஒட்டி வைத்துப் பேசினாலும் இந்த எண் ஏறும். நாலு அடி தள்ளி நின்று பாருங்கள்.